மாமாவுக்குச் சொல்லியாச்சா?

அத்தியாயம் 17

ஹாலில் இருந்தவர்கள்: ராம்பிரசாத், சாகணில் ஒரு கார் தொழிற்சாலையில் மேனேஜர், வீட்டுக்காரன். அவன் மனைவி ராஜஸ்ரீ. இவர்கள் மகள் வைஷு, மாம்பழ நிறப் பட்டுப் புடவையில். எதிர் சோபாவில் தருண், விமான் நகரில் வைஷுவின் ஆபீஸிலேயே வேலை பார்ப்பவன். அவன் அம்மா அகல்யா. அகல்யாவின் அண்ணா சுந்தரராமன்.

வீட்டில் இருந்தும் ஹாலில் இல்லாதவர்: ராம்பிரசாத்தின் அப்பா கோவிந்தராஜன். உள் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு கட்டில் விளிம்பில் உட்கார்ந்திருந்தார். அவருக்கு ஜுரம் என்று வந்தவர்களிடம் சொல்லியிருந்தார்கள். ஜுரமெல்லாம் இல்லை.

ஏன் இந்தப் பொய் என்பது வாராவாரம் படிக்கிறவர்களுக்குத் தெரியும். இன்றைக்குத்தான் உள்ளே வருகிறவர்களுக்காக இன்னொரு தரம்.

புனேயில் தமிழர் வீடு ஒன்றில் சாவு விழுந்தால் முதலில் வரும் கேள்வி, "மாமாவுக்குச் சொல்லியாச்சா?" என்பது. மாமா என்றால் கோவிந்தராஜன். போசரியில் ஒரு தொழிற்சாலையில் இன்ஸ்பெக்டராக இருந்து ரிடையரானவர். வேலையில் இருந்த நாளிலிருந்தே இதைச் செய்துவருகிறார். காரியம் செய்ய வாத்தியாரை அழைத்து வருவது, மின்மயானத்துக்குப் பாஸ் வாங்குவது, வண்டி, மூங்கில், பானை. ஊரில் உறவுக்காரர் இல்லாத வீடென்றால் தூக்குவதற்குத் தோளும். கூடவே எப்போதும் அவர் நண்பர் சூரி என்கிற சூர்யநாராயணன் இருப்பார். இரண்டு பேரும் காசு வாங்குவதில்லை. அந்த வீடுகளில் காப்பி கூடக் குடிப்பதில்லை.

பதிலுக்கு ஊர் அவருக்குச் செய்தது இவ்வளவுதான். அவருடைய நம்பரை எல்லாரும் போனில் வைத்துக்கொண்டார்கள். கல்யாணப் பத்திரிகை மட்டும் யாரும் கொடுக்கவில்லை. கோயிலில் பார்த்தால் சிரித்துவிட்டு வேறு சந்நிதிக்குப் போவார்கள். முதியோர் தினத்தன்று ஏதாவது ஒரு சங்கம் அவரை மேடையேற்றிப் பொன்னாடை போர்த்தும். அந்தப் பொன்னாடைகளில் ஒன்றை ராஜஸ்ரீ வாஷிங் மெஷின் மேல் போட்டிருக்கிறாள். இன்வர்ட்டர் மேல் ஒன்று.

போன வாரம் ராம்பிரசாத் அப்பாவிடம் ஒரு வாக்கு வாங்கினான். ஞாயிற்றுக்கிழமை வைஷுவுக்குப் பேச வருகிறார்கள். அவர்கள் இருக்கும்வரை அப்பா வெளியே வரக்கூடாது. போனையும் தன்னிடம் கொடுத்துவிட வேண்டும்.

"சூரி ஆஸ்பத்திரில இருக்கான்டா," என்றார் அவர்.

"ஒரு நாள்ல ஒண்ணும் ஆயிடாதுப்பா."

ஆகிவிட்டது.

சுந்தரராமன் இரண்டாவது பஜ்ஜியைக் கடித்துக்கொண்டிருந்தபோது ராம்பிரசாத்தின் சட்டைப் பையில் அந்தப் பழைய பட்டன் போன் அலறியது. அதை எப்படி வாயடைப்பது என்று அவனுக்குத் தெரியவில்லை. வெட்டினான். மறுபடி அலறியது. மறுபடி வெட்டினான்.

"எடுங்கோளேன். நாங்க ஒண்ணும் நினைச்சுக்க மாட்டோம்," என்றார் சுந்தரராமன்.

"ஆபீஸ் கால்."

"ஞாயித்துக்கிழமையுமா? சாகண்காரா உங்களை முழுசா வாங்கிட்டா போலிருக்கே."

மூன்றாவது முறை அலறியபோது உள் அறைக் கதவு திறந்தது. கோவிந்தராஜன் யாரையும் பார்க்காமல் வந்து மகன் முன்னால் கையை நீட்டினார். வந்தவர்கள் எதிரில் ராம்பிரசாத்தால் மறுக்க முடியவில்லை. கொடுத்தான்.

அவர் போனைக் காதில் வைத்தார். "மாமா, நான் பட்டு..." என்று சூர்யநாராயணனின் மனைவி ஆரம்பித்தது அடுத்த நாற்காலிவரை கேட்டது.

"வரேன்," என்று சொல்லி வைத்துவிட்டார்.

அவருடைய வழக்கம் அது. சாவு வீட்டிலிருந்து கூப்பிடுகிறவர்களுக்கு அந்த ஒரு வார்த்தை வாயில் வராது. முனகுவார்கள், அழுவார்கள், முதலிலிருந்து ஆரம்பிப்பார்கள். யார் என்று தெரிந்த உடனே "வரேன்" என்று சொல்லி வைத்துவிட்டால் அவர்கள் அதைச் சொல்ல வேண்டியதில்லை. இத்தனை வருஷத்தில் அவர் யாரையும் அதைச் சொல்ல விட்டதில்லை.

"ஜுரம்னேள். ஜுரம் நடந்து வரதே," என்றார் சுந்தரராமன்.

யாரும் சிரிக்கவில்லை. அகல்யா எழுந்து நின்றிருந்தாள். கையிலிருந்த கேசரித் தட்டு சாய்ந்திருப்பது அவளுக்குத் தெரியவில்லை.

"மாமா. நீங்கதானே?"

கோவிந்தராஜன் அவளைப் பார்த்தார். அடையாளம் தெரியவில்லை. உயிரோடு இருப்பவர்கள் முகம் அவர் மனதில் தங்குவதில்லை.

"கொரோனா ரெண்டாவது அலை. நாங்க அஞ்சாவது மாடி. நான் உள் ரூம்ல அடைஞ்சு கெடந்தேன், தருண் ஆஸ்பத்திரில. யாரோ நம்பர் குடுத்தா. போன் பண்ணினேன். வரேன்னு ஒரே வார்த்தை. அந்தக் குரல் எனக்கு மறக்காது."

"லிஃப்ட் தர மாட்டேன்னுட்டா. வாட்ச்மேன் தடிக்கம்போட நின்னான்," என்றார் அவர் மெதுவாக. "படி வழியா எறக்கினோம். மூணாவது மாடித் திருப்பம் குறுகல்."

"ஆமாம்."

தருண் எழுந்து வந்து காலைத் தொட்டான். "மாஸ்க் போட்டிருந்தீங்க அங்கிள். அப்பாவோட அஸ்தியை ஒரு மாசம் வச்சிருந்து, நான் டிஸ்சார்ஜ் ஆனப்பறம் கேட்ல வந்து குடுத்தீங்க."

"ஒரு மாசமா?" என்றாள் ராஜஸ்ரீ. "எங்க வச்சிருந்தேள்?"

"கீழே, மீட்டர் ரூம்ல. மயானத்துல அலமாரியெல்லாம் நிரம்பிப் போச்சு."

"நம்ம மீட்டர் ரூம்லயா?"

"வீட்டுக்குள்ள கொண்டுவரலையேம்மா."

ராஜஸ்ரீ மீட்டர் ரூமை நினைத்துப் பார்த்தாள். அந்த மாதம் கரண்ட் போனபோதெல்லாம் அவள்தான் கீழே இறங்கிப்போய் ஃபியூஸைப் பார்த்தாள்.

ராம்பிரசாத்துக்கு மூச்சு வந்தது. பொய் அம்பலமானதே நல்லதாகப் போயிற்று என்று நினைத்தான். அப்பா இவர்கள் வீட்டுக்குச் செய்திருக்கிறார். இதைவிடப் பெரிய சிபாரிசு எங்கே கிடைக்கும்? வைஷுவும் அப்படித்தான் நினைத்தாள். தாத்தாவைப் பார்த்துச் சிரித்தாள்.

"நானும் இன்னொருத்தனும் வண்டியோட பின்னாடி உக்காந்துண்டு போனோம்," என்றார் கோவிந்தராஜன். "சூரி. இப்ப அவன்தான் போயிட்டான். நான் கிளம்பணும்."

"அவரோட கூட உக்காந்துண்டு போனோம்னு அன்னிக்கு நீங்க சொன்னேள்," என்றாள் அகல்யா. "அவர் தனியாப் போகலை. அதை நினைச்சுண்டுதான் நான் அந்த வாரம் கண்ணை மூடினேன். விளக்கேத்தறச்சே தினம் உங்களை நினைச்சுப்பேன் மாமா. எங்களுக்கு நீங்க பண்ணினதை இந்த ஜென்மத்துல யாரும் பண்ண மாட்டா."

அவள் தட்டை டீப்பாய் மேல் வைத்தாள்.

"ஆனா ஒண்ணு சொல்லணும். உக்காருங்கோ."

அவர் உட்காரவில்லை.

"நிச்சயதார்த்தத்துக்கும் கல்யாணத்துக்கும் நீங்க முன்னாடி வர வேண்டாம். இந்த வேலையையும் விட்டுடுங்கோ. நான் பொல்லாதவ இல்லை. நானே மேடை ஏற மாட்டேன். அண்ணாவும் மன்னியும்தான் தட்டு மாத்தப்போறா. எனக்கு என்னவோ அதுதான் உங்களுக்கும்."

"சகுனமாம்மா?"

"சகுனம் அண்ணாவுக்கு. எனக்கு அதில்லை. எங்க மனுஷா இந்த ஊர்ல எத்தனையோ பேர். பாதிப் பேர் வீட்டுக்கு நீங்க வந்திருப்பேள். கல்யாண மண்டபத்துல உங்களைப் பாத்தா அவா அவா வீட்டுப் பொணம்தான் கண்ணு முன்னாடி வரும். எனக்கே இப்ப கேசரி தொண்டையைத் தாண்டலை."

அவள் குரலில் கோபம் இல்லை. ராம்பிரசாத் மறுப்பதற்கு எதையாவது தேடினான். சண்டை போட்டால் பதில் சொல்லலாம். உண்மையைச் சொன்னால் என்ன சொல்வது?

"ஆன்ட்டி, திஸ் இஸ் நாட்..." என்று வைஷு ஆரம்பித்தாள். தருணைப் பார்த்தாள். அவன் கார்ப்பெட்டைப் பார்த்துக்கொண்டிருந்தான். "தாத்தா, நீ பேசு."

"அவ சொல்றது சரிதான்," என்றார் கோவிந்தராஜன். "என்னைப் பாத்தா எனக்கே அப்படித்தான் இருக்கும். நாளைலேருந்து விட்டுடறேன். எந்த வீட்டுக்கும் போகலை. இன்னிக்கு மட்டும் போயாகணும்."

சுந்தரராமன் கைக்குட்டையில் விரல்களைத் துடைத்துக்கொண்டார். இதுவரை தமாஷாக இருந்தவர் இப்போது பெரியவரானார்.

"மாமா, நான் வெளிப்படையாச் சொல்லிடறேன். பொண்ணு பேச வந்த எடத்துலேருந்து வீட்டுப் பெரியவர் எழுந்து சாவுக்குப் போனார்னா, அப்பறம் எந்த மொகத்தோட நாங்க தட்டைத் தூக்கிண்டு வரது? உள்ளே போய்ப் படுத்துக்கோங்கோ. ஜுரம்தான்னு வச்சுக்கறோம். நாங்களும் சாப்பிட்டுட்டுத் தேதி பாத்துட்டுப் போறோம். நீங்க கிளம்பினா நாங்களும் கிளம்பறோம்."

கோவிந்தராஜன் உள்ளே போனார். படுத்துக்கொள்ளப் போகிறார் என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். சட்டையை மாட்டிக்கொண்டு, தோளில் ஒரு ஈரிழைத் துண்டுடன் வெளியே வந்தார்.

ராம்பிரசாத் அவரை வாசல் பக்கம் மறித்தான். "அங்க பிரணவ் வந்திருக்கான். சூரி மாமா பெத்த பிள்ளை இருக்கான். நீ எதுக்கு?"

"வரேன்னு சொல்லிட்டேன்."

"பட்டு மாமி என்னதான் சொன்னா?"

"அதை யாருடா கேப்பா."

"அப்பா, இவ உன் பேத்தி."

"தெரியும்."

"உனக்கு யார் என்ன பண்ணினா? ஒரு கல்யாணத்துக்குக் கூப்பிட்டிருப்பாளா? நான் ரோடுல உன் பிள்ளைன்னு சொல்லிக்கறதில்லை. தெரியுமா உனக்கு?"

"அதுவும் தெரியும்."

அவர் செருப்பைத் தேடினார். விருந்தாளிகளின் செருப்புகளுக்காக அதை யாரோ ஷூ ரேக்குக்குப் பின்னால் தள்ளியிருந்தார்கள். குனிந்து எடுக்க நேரமானது. போன மாதம் மயானத்தில் விழுந்ததிலிருந்து இடுப்பு ஒத்துழைப்பதில்லை. யாரும் எடுத்துக் கொடுக்கவில்லை. வைஷு தலை நிமிரவில்லை.

படியிறங்கும்போது போன் மறுபடி அலறியது. மகன்தான் என்று நினைத்து அணைத்துப் பையில் போட்டுக்கொண்டார்.

*

ரிக்‌ஷாவில் போகும்போது அவர் சூரியைப் பற்றி நினைக்கவில்லை. பாஸுக்கு ஞாயிற்றுக்கிழமை யார் இருப்பார்கள், வாத்தியார் ஊரில் இருக்கிறாரா, சூரியின் வீட்டு லிஃப்ட் எவ்வளவு அகலம் என்று நினைத்துக்கொண்டு போனார். வேலை இருந்தால் அவருக்கு அழுகை வராது. அதற்காகவே இந்த வேலையைப் பிடித்துக்கொண்டிருந்தாரோ என்னவோ.

இரண்டு பேருக்கும் ஒரே ஒரு விதிதான் இருந்தது. வண்டியில் பிணம் தனியாகப் போகக்கூடாது. ஒருவர் முன்னால் போய் மயானத்து வேலையைப் பார்த்தால் இன்னொருவர் பின்னால் உட்கார்ந்து வர வேண்டும். மழையில், கொரோனாவில், டிரைவர் குடித்திருந்த ஒரு நாளில்கூட அப்படித்தான். ஒரு தடவை மயானத்து வாசலில் சாயா குடித்துக்கொண்டிருந்தபோது சூரி கேட்டார். "கோவிந்து, நமக்கு யாரு உக்காருவா?"

"யார் முன்னாடி போறானோ அவனுக்கு இன்னொருத்தன்."

"ரெண்டாவது ஆசாமிக்கு?"

"அவன் பாடு."

இரண்டு பேரும் சிரித்தார்கள். அதற்குமேல் அதைப் பற்றிப் பேசியதில்லை.

விமான் நகரில் சூர்யநாராயணனின் அபார்ட்மென்ட் சொசைட்டி வாசலில் வெள்ளை வண்டி ஒன்று ஏற்கெனவே நின்றிருந்தது. புது வண்டி. பக்கவாட்டில் ஓர் இறுதிச் சடங்கு நிறுவனத்தின் பெயர், கீழே தாமரைப் படம், அதற்குக் கீழே ஒரு நம்பர்.

மாடியில் கதவு திறந்திருந்தது. ஹாலில் சோபாக்களை ஓரம் தள்ளி, நடுவில் சூரியைக் கிடத்தியிருந்தார்கள். விபூதி, துளசி மாலை, தலைமாட்டில் விளக்கு. எல்லாம் இடத்தில் இருந்தன. சாம்பல் நிற டீ-ஷர்ட் போட்ட ஆட்கள் கையுறையோடு சத்தமில்லாமல் நடமாடினார்கள். ஒரு வாத்தியார் மந்திரம் சொல்லிக்கொண்டிருந்தார். அவரும் பேக்கேஜில் வந்தவர்.

பட்டு மாமி சுவரோரம் உட்கார்ந்திருந்தாள். அவரைப் பார்த்ததும் முகம் மாறியது.

"நீங்க எதுக்கு வந்தேள்?"

"கூப்பிட்டேளே."

"வர வேண்டாம்னு சொல்லத்தான் பண்ணினேன். நீங்க வரேன்னுட்டு வச்சுட்டேள். திரும்பப் பண்ணினா ஆஃப்ல இருக்கு." அவள் புடவைத் தலைப்பால் மூக்கைத் துடைத்தாள். "தொண்டைல குழாய் போடறதுக்கு முன்னாடியே சொல்லிட்டார். ஞாயித்துக்கிழமை வைஷுவுக்குப் பேச வரா, அன்னிக்கு எனக்கு ஏதாவது ஆச்சுன்னா கோவிந்துவை இழுக்காதேன்னு. அவனுக்கு இடுப்பும் சரியில்லைன்னார். இவாளை அவரேதான் ஏற்பாடு பண்ணி வச்சார்."

"அவனேவா?"

"அவரேதான்."

கோவிந்தராஜன் நின்றுகொண்டே இருந்தார். செய்வதற்கு என்ன மிச்சம் என்று பார்த்தார். மூங்கில் தேவைப்படவில்லை, மடக்கு ஸ்டிரெச்சர் இருந்தது. பாஸ் முன்பே வாங்கியாகிவிட்டது. அரிசி, எள், தர்ப்பை, நெய் ஒரு பெட்டியில் தனித்தனிப் பொட்டலமாக இருந்தன. குறை தேடினார். ஒன்றும் அகப்படவில்லை.

"சார், உக்காருங்க." பிளாஸ்டிக் நாற்காலியோடு வந்தவர் டேனியல். அந்த நிறுவனத்தின் சூப்பர்வைசர், தாபோடிப் பக்கத்துத் தமிழர், நாற்பதைத் தாண்டியவர். "நாங்க பாத்துக்கறோம்."

"பாத்துண்டுதான் இருக்கேள்."

"எல்லாம் நீங்க சொல்லிக்குடுத்ததுதான் சார். அன்னைக்கு டீக்கடையில வச்சுக் கேட்டேன்ல? எந்தச் சாதிக்கு என்ன, எந்த மயானத்துல யாரைப் பாக்கணும், எல்லாம் சொன்னீங்க. அதை வச்சுத்தான் கம்பெனியே ஆரம்பிச்சாங்க. முதலாளி கிட்ட உங்களைப் பத்திச் சொல்லியிருக்கேன். ஆண்டு விழாவுல உங்களை மேடைக்குக் கூப்பிட்டு..."

"பொன்னாடையா?"

"ஆமா சார்."

"வாஷிங் மெஷினுக்கு ஏற்கெனவே இருக்கு."

டேனியலுக்குப் புரியவில்லை. தலையாட்டிவிட்டு வேலையைப் பார்க்கப் போனார்.

சூரியின் மகன் பிரணவ் ஈர வேட்டியோடு வந்து, "மாமா, நீங்க சிரமப்பட வேண்டாம், கீழேயும் இறங்க வேண்டாம்," என்றான். நல்ல பையன். முதல் நாளே சென்னையிலிருந்து வந்துவிட்டவன். அவன் சொன்னதில் தவறாக எதுவும் இல்லை.

கோவிந்தராஜன் நாற்காலியில் உட்கார்ந்தார். காலையில் தன் வீட்டில் உள் அறைக் கட்டில். இப்போது இது. முன்னால் சூரி படுத்திருந்தார். வேலை எதுவும் இல்லாமல் ஒரு பிணத்தை இவ்வளவு நேரம் அவர் பார்த்ததே கிடையாது. பார்வையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

அப்போதுதான் வைஷு வந்தாள். அதே பட்டுப் புடவை, கையில் ஹெல்மெட். வாசலுக்குள் கால் வைக்காமல் நின்று, "தாத்தா," என்றாள்.

அவர் எழுந்து போனார்.

"அவா இன்னும் போகலை. அம்மா சாப்பாட்டை ரொம்ப ஸ்லோவாப் போட்டுண்டிருக்கா. நான் தருணோட மாமாகிட்ட ஒன் அவர் கேட்டேன். ஓகேன்னார். நீ வந்து குளிச்சுட்டு ஸாரி சொல்லு. போதும்."

"உள்ளே வராதே. புடவையோட வந்திருக்கே."

"டோன்ட் சேஞ்ச் த டாபிக்." அவள் கண் ஹாலுக்குள் ஓடியது. வாத்தியார், பெட்டி, கையுறை ஆட்கள், சுவரோரம் அந்தப் பிளாஸ்டிக் நாற்காலி. அவளுக்குத் தமிழ் தட்டுத்தடுமாறித்தான் வரும். அதனால் சுற்றி வளைக்கத் தெரியாது. "எல்லாம் அவாளே பண்றாளே. உனக்கு இங்க வேலையே இல்லையே தாத்தா."

"இல்லை."

"அப்ப எதுக்கு இருக்கே?"

அவர் யோசித்தார். வீட்டிலிருந்து கிளம்பியபோது ஒரு காரணம் இருந்தது. சூரியே அதை எடுத்துவிட்டுப் போயிருக்கிறான். இங்கே இருந்து யாருக்கும் பிரயோஜனம் இல்லை. வீட்டுக்குப் போனால் இந்தப் பெண்ணுக்காவது பிரயோஜனம். ஸாரி என்று ஒரு வார்த்தை. பிறகு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்ள வேண்டும். கல்யாணம் முடியும்வரை, பிறகு அதற்குப் பிறகும்.

"கூட்டிண்டு போம்மா வைஷு," என்றாள் பட்டு மாமி உள்ளிருந்து. "இவரை இழுக்கப்படாதுன்னு அவரே சொல்லிட்டுப் போயிருக்கார். அவர் ஆத்மா அதைத்தான் விரும்பும். போங்கோ மாமா."

"வரேன்," என்றார் கோவிந்தராஜன். இந்த முறை வைஷுவிடம்.

இரண்டு பேரும் கீழே வந்தார்கள். வைஷு ஸ்கூட்டரை எடுத்து, பின்சீட்டில் மாட்டியிருந்த இன்னொரு ஹெல்மெட்டை அவரிடம் நீட்டினாள். அவருக்காகவே கொண்டுவந்திருந்தாள். அவள் முகத்தில் காலைக்குப் பிறகு முதல் தடவையாக ரத்தம் ஓடியது. அவர் ஹெல்மெட்டைப் போட்டுக்கொண்டார். வார் மாட்டத் தெரியவில்லை. அவள் மோவாய்க்குக் கீழே கையை விட்டு மாட்டிவிட்டாள்.

"தாங்க்ஸ் தாத்தா."

அதே நேரம் லிஃப்ட் திறந்தது. ஆட்கள் ஸ்டிரெச்சரைத் திருப்பத்தில் எங்கும் இடிக்காமல் கொண்டுவந்தார்கள். வண்டியின் பின்கதவுகள் திறந்திருந்தன. உள்ளே தள்ளினார்கள். சக்கரம் கொக்கியில் மாட்டும் சத்தம் கேட்டது. பிரணவ் நெருப்புச் சட்டியைப் பிடித்துக்கொண்டு தன் காரை நோக்கிப் போனான். வாத்தியார் ஒரு ரிக்‌ஷாவில் ஏறினார். ஆட்கள் முன்சீட்டில்.

கோவிந்தராஜன் ஸ்கூட்டரில் ஏறக் காலைத் தூக்கியவர், இறக்கினார்.

"டேனியல், பின்னாடி யாரு உக்காரா?"

"யாரும் இல்ல சார். கம்பெனி ரூல் அது. வீட்டுக்காரங்க கார்ல பின்னாலயே வந்துருவாங்க."

"தனியாவா?"

"ஜிபிஎஸ் இருக்கு சார்."

டேனியல் கேலியாகச் சொல்லவில்லை. உண்மையிலேயே தைரியம் சொன்னார்.

கோவிந்தராஜன் மோவாய்க்குக் கீழே தடவினார். வாரைக் கழற்றவும் தெரியவில்லை. இழுத்தார். கிளிப் கடைசியில் தானாக விட்டது. ஹெல்மெட்டை எடுத்து ஸ்கூட்டரின் பின்சீட்டில் வைத்தார்.

"நோ," என்றாள் வைஷு. "தாத்தா, நோ. நீ வரேன்னு சொன்னே."

"சொன்னேன்."

"சூரி தாத்தாவே வேண்டாம்னு சொல்லிட்டாராமே. அவருக்கே வேண்டாம். அவருக்குத் தெரியவும் போறதில்லை."

"தெரியாதுதான்."

"பின்ன ஏன்?"

"தெரியலைம்மா. நான் உனக்குப் பண்றது அநியாயம். அது தெரியறது."

அவள் அழவில்லை. "நீ இப்ப ஏறினா நான் வீட்டுல போய் என்ன சொல்றது?"

அவர் வண்டியின் பின்பக்கம் போனார். படி உயரமாக இருந்தது. ஒரு காலை வைத்து, கொக்கியைப் பிடித்து, இடுப்பில் ஏதோ பிசகும் சத்தத்தோடு உள்ளே ஏறினார். டேனியல் தடுக்கவில்லை, கை கொடுக்கவும் இல்லை.

"சார், உள்ளே சீட் கிடையாது. ஏசி ஓடும், குளிர் தாங்க மாட்டீங்க. கதவை வெளியிலேர்ந்துதான் பூட்ட முடியும். நடுவுல எறங்கணும்னா முடியாது."

"பூட்டு."

அவர் தரையில் உட்கார்ந்தார். முழங்கால் ஸ்டிரெச்சரின் சக்கரத்தில் இடித்தது. துண்டை எடுத்துத் தன் மேல் போர்த்திக்கொண்டார். சூரியின் கால் கட்டை விரல்களைச் சேர்த்துக் கட்டியிருந்த துணி அவர் கண்ணுக்கு நேரே இருந்தது. முடிச்சு சரியாகத்தான் போட்டிருந்தார்கள்.

வெளியே வைஷுவின் கையில் போன் அதிர்ந்தது. திரையில் தருணின் பெயர். அவள் எடுக்கவில்லை, வெட்டவும் இல்லை. அதிரவிட்டுக்கொண்டு வண்டியைப் பார்த்தாள்.

டேனியல் இடது கதவைச் சாத்தினார். பிறகு வலது கதவை. கம்பியை இறக்கிப் பூட்டைப் போட்டு, ஒரு தரம் இழுத்துப் பார்த்தார்.